வாரத்தின் மற்ற ஆறு நாட்கள்

என்னிடம் பியானோ கற்க வரும் சின்னக் குழந்தைக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் வகுப்பு. ஐந்து, ஆறு வயதில் அதற்கு மேல் இழுத்தால் பலன் இருக்காது. இருபது நிமிடம் தாண்டினாலே கால் ஆட ஆரம்பித்துவிடும், கண் ஜன்னலுக்குப் போய்விடும். மற்ற ஆறு நாட்கள் அந்தக் குழந்தை என் கண்ணில் படுவதில்லை. ஆனால் அது வாசிக்கக் கற்றுக்கொள்வதெல்லாம் அந்த ஆறு நாட்களில்தான். திருவனந்தபுரத்தில் வீட்டோடு வகுப்பு நடத்திவரும் இத்தனை வருடங்களில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது. வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும், அதன் பக்கத்தில் உட்காரப்போகிற பெரியவருக்கும் தெளிவாகத் தெரியவைத்து அனுப்புவதே வகுப்பில் என் முதல் வேலை. பாட்டு அதற்குப் பிறகு.

'வீட்ல நல்லா பிராக்டீஸ் பண்ணு' என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு அதற்கு என்ன அர்த்தம்? பாட்டை முதலிலிருந்து வாசிக்கும். தப்பு வந்த இடத்தில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதே இடத்தில் மறுபடி தப்பும். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டு 'முடிச்சாச்சு' என்று எழுந்து ஓடும். ஒரு வாரம் கழித்து வரும்போது முதல் வரி அழகாக இருக்கும், கடைசி வரி போன வாரம் இருந்த இடத்திலேயே நிற்கும். குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி என்பது தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒரு வித்தை. அதை யாரும் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. சபையில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் விரல் வைத்து ஆரம்பித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை என் பியானோ சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றதிலிருந்து வகுப்பு தொடங்கியது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் பக்கமும் இந்த ஊரும் ஒரே ஆட்சிக்குள் இருந்தவை. இன்றும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பாதிக் குடும்பம், இங்கே பாதிக் குடும்பம் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த வீட்டுக் குழந்தைகள் என்னிடம் வருகிறார்கள். கரமனை, வலியசாலை கிராமத்துத் தெருக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். டெக்னோபார்க் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து கழக்கூட்டத்து அடுக்ககங்களில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளும் உண்டு. மலையாளக் குழந்தைகள் எப்போதும் உண்டு. வகுப்பில் இரண்டு மொழியும் கலந்து ஓடும். எல்லோருக்கும் நான் டீச்சர்.

இந்த வீடுகளில் சங்கீதம் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலையில் பாதி. கரமனை நீலகண்ட சிவன் பாடி வாழ்ந்த இடம். அங்கே ஒரு பாட்டிக்கு ஐம்பது கீர்த்தனையாவது மனப்பாடமாக இருக்கும். குழந்தை பியானோ வகுப்புக்கு வருவதற்கு முன்பே பாட்டியின் மடியில் சரளி வரிசை கேட்டிருக்கும். எங்கள் பக்கத்துத் தாத்தா என்றால் சபைப் பாடகர் குழுவில் டானிக் சோல்ஃபா என்ற எழுத்துக் குறிப்பைப் பார்த்து நான்கு குரலில் பாடிப் பழகியவராக இருப்பார். இந்தப் பெரியவர்களை ஒதுக்கிவிட்டு ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தால், வீட்டுப் பயிற்சிக்குத் துணையாக இருக்கக்கூடிய மிகச் சிறந்த ஆளை நானே வெளியே நிறுத்திவிடுகிறேன் என்று அர்த்தம்.

ஆனால் அந்தத் துணைக்குள் சில முடிச்சுகளும் உண்டு.

ஒரு பையன். பாட்டியிடம் பாட்டு கற்கிறவன், கூர்மையான காது. முதல் மாதத்தில் என் பியானோவில் நடு 'சி' கட்டையைத் தட்டச் சொன்னேன். தட்டினான், முகம் சுருங்கியது. "டீச்சர், உங்க பியானோ தப்பாப் பாடறது" என்றான். வீட்டுக் கீபோர்டில் பாட்டி தன் ஐந்து கட்டை ஸ்ருதிக்கு வசதியாக டிரான்ஸ்போஸ் பட்டனை நகர்த்தி வைத்திருந்தார். அவன் வீட்டில் 'சி'யை அழுத்தினால் 'ஜி' ஒலிக்கும். கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்லியிருக்கிறது. காதைத்தான் அவன் நம்பினான், அது சரியான நம்பிக்கை. பாட்டியை வரச்சொல்லிப் பேசினேன். பாட்டு வகுப்புக்கு ஸ்ருதிப்பெட்டி, பியானோ பயிற்சியின்போது டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் என்று ஒப்பந்தம். அன்றிலிருந்து எந்த வீட்டுக் கீபோர்டாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பட்டனைப் பற்றித்தான்.

அந்தப் பையனுக்கு உண்மையில் புரிய வேண்டியிருந்தது இன்னொன்று. பாட்டியின் 'ஸ' எங்கே வேண்டுமானாலும் உட்காரும். 'சி' கட்டை இடம் மாறாது. பாட்டுக்காரர்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று ஸ்ருதி சொல்வது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான். ஒன்று 'சி', இரண்டு 'டி', ஐந்து 'ஜி'. பாட்டியின் கணக்கும் என் கணக்கும் ஒரே பலகையில் இருக்கின்றன என்று காட்டியதும் அவன் முகம் தெளிந்தது. டானிக் சோல்ஃபா தாத்தாவின் 'டோ'வும் பாட்டியின் 'ஸ' போலவே நகரக்கூடியது என்பதால், எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் இதே பாடத்தை நடத்த வேண்டியிருக்கிறது. இந்த ஊர் நவராத்திரி மண்டபக் கச்சேரியில் முதல் நாள் ராகம் சங்கராபரணம். 'சி'யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தட்டினால் அதே சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். கரமனைக் குழந்தை வீட்டுக்குப் போய் இதைப் பாட்டிக்குத் தட்டிக் காட்டும்போது, பியானோ அந்த வீட்டுக்குள் அந்நியமில்லாமல் நுழைந்துவிடுகிறது. கமகம் வராதே என்று பாட்டி கேட்பார். வராது. அதற்குக் குரல் இருக்கிறது, வீணை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பியானோவிடம் அதற்கு முடியாததைக் கேட்டு அதன் மேல் குழந்தைக்குக் குறை உண்டாக்க வேண்டாம்.

வீட்டுப் பாட்டையும் பியானோவையும் சேர்க்க நான் அடிக்கடி நாடுவது நொட்டு ஸ்வரங்களை. 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். எல்லாம் சங்கராபரணம். அவற்றில் 'சியாமளே மீனாட்சி'யின் மெட்டு, உலகமெங்கும் குழந்தைகள் பாடும் நட்சத்திரப் பாட்டின் மெட்டு. மோட்சார்ட் அதே மெட்டை எடுத்து மாறுபாடுகள் எழுதியிருக்கிறார். பாட்டி ஒரு சொல்லால் பாட, பேத்தி பள்ளியில் கற்ற வேறு சொல்லால் பாட, இரண்டையும் ஒரே விரல்கள் வாசிக்கும். ஆனால் அந்த மெட்டை முதல் வாரமே கொடுப்பதில்லை. ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை என்று கை அசையாமல் இருக்கும் நிலைக்குள் அது அடங்காது. ஆறாவது கட்டை வேண்டும், கை நகர வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியில் வரும் ஆனந்த கீதத்தின் முதல் இரண்டு வரிகள் ஐந்து விரலுக்குள் அடங்கும், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கே போகும். ஆரம்பத்துக்கு அதுதான் பத்திரம்.

வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பியானோவுக்கு 88 கட்டைகள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 61 கட்டைக் கீபோர்டு. தொடக்க வருடத்துக்கு அது போதும் என்று பெற்றோரிடம் தைரியமாகச் சொல்கிறேன். குழந்தை நிலைத்து வாசிக்குமா என்று தெரியாமல் கடன் வாங்கிப் பெரிய கருவி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டில் மேல் வைத்துக் குனிந்து வாசிக்கும் குழந்தைகள் உண்டு. ஆர்மோனியப் பழக்கத்தில் தரையில் வைத்துச் சம்மணமிட்டு வாசிப்பவர்கள் இன்னும் அதிகம். சம்மணமிட்டால் மணிக்கட்டு தொங்கும், தொங்கிய மணிக்கட்டோடு விரல் தனித்தனியாக வேலை செய்யாது. மேஜையில் வைத்தால் நாற்காலி உயரம் போதாது. முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் மடித்த போர்வை, காலுக்கடியில் மணைப்பலகை அல்லது பழைய டெலிபோன் டைரக்டரி. கால் அந்தரத்தில் ஆடினால் முதுகு பிடிமானம் இழந்து தோள் இறுகும்.

கட்டையின் கனமும் வேறு. பியானோவின் நடுக்கட்டை ஒன்றை இறக்க ஏறக்குறைய ஐம்பது கிராம் எடை வேண்டும். சாதாரணக் கீபோர்டில் ஸ்பிரிங் மட்டும்தான். அதில் பழகிய குழந்தை என் பியானோவில் உட்கார்ந்தால் சத்தமே வராது, அல்லது பதறி ஓங்கி அடிக்கும். அப்போது பியானோவின் முன்பலகையைக் கழற்றிக் காட்டுவேன். எந்தக் குழந்தையும் அதை மறப்பதில்லை. விரல் கட்டையை இறக்க, உள்ளே ஃபெல்ட் சுற்றிய சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகும். கம்பியைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்பே சுத்தியல் விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது. "அப்போ அமுக்கிட்டே இருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம், விரலை வைத்திருந்தால் போதும். கையைத் தளர்த்து என்று ஓராயிரம் முறை சொன்னாலும் வராத தளர்ச்சி, சுத்தியலைப் பார்த்த நாளில் வந்துவிடுகிறது. கை வளைவுக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் பிடித்து, அப்படியே கட்டை மேல் கவிழ்த்து, பழத்தை மெல்ல எடுத்துவிட்டால் நிற்கும் வடிவம்தான் வேண்டும்.

விரல் எண்ணில் ஒரு சிக்கல் வரும். பியானோவில் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, இரண்டு கைக்கும் அப்படியே. அண்ணனோ அக்காவோ வயலின் கற்கும் வீட்டில் ஆள்காட்டி விரல்தான் ஒன்று. மூத்தவர் அக்கறையோடு இளையதைத் திருத்திக் குழப்பிவிடுவார். அதனால் முதல் வாரமே குழந்தையின் இரண்டு கைகளையும் நோட்டில் வைத்து வரைந்து, விரல் நுனியில் எண் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொல்லிவிடுவேன்.

இனி அந்த நோட்டு. இத்தனை வருட வேலையில் எனக்கு அதிகம் உதவியது அதுதான். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அதைத் திறப்போம். மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. என் சொல்லில் எழுதினால் குழந்தைக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம். "இந்த வாரம் உனக்கு எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டு, அது சொல்வதையே எழுதுவேன். இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு இடைப்பட்ட பகுதியை 'பார்' என்போம். என் குழந்தைகள் அதைப் பெட்டி என்பார்கள். 'மூணாவது பெட்டி, இடது கை மட்டும், மெதுவா.' இது ஒரு வரி. எழுதிய உடனே அங்கேயே, என் முன்னால், அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருக்க, அந்த ஒரு பெட்டியை வீட்டில் வாசிக்கப்போவது மாதிரியே ஒரு முறை செய்து பார்ப்போம். வீட்டில் நடக்க வேண்டியது வகுப்பில் ஒரு முறை நடந்துவிட்டால், மறுநாள் அது தெரியாத வேலையாக இருக்காது.

கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கடைசிப் பெட்டி சரியானதும் அதற்கு முந்தையதைச் சேர்த்து இரண்டாக வாசிப்பது, பிறகு மூன்றாக. இப்படிப் போனால் குழந்தை எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறது. பாட்டு முடியும்போது பயம் இல்லை. பாட்டிகளுக்கு இது முதலில் ஒப்பாது. சாதகம் என்றால் முதலிலிருந்து, காலப்பிரமாணத்தோடு என்று பழகியவர்கள். "பாதியிலேர்ந்து எடுக்கறதா?" என்று ஒருவர் கேட்டார். கீர்த்தனையில் சரணத்தின் நடுவில் ஒரு சங்கதி நிற்காவிட்டால் நீங்கள் பல்லவியிலிருந்தா ஆரம்பிப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் போல ஒரு பயிற்சித் துணை எனக்குக் கிடைத்ததில்லை.

எத்தனை முறை வாசிக்க வேண்டும் என்பதற்குப் புளியங்கொட்டை. கீபோர்டின் இடது ஓரத்தில் மூன்று கொட்டை. ஒரு பெட்டியைச் சரியாக வாசித்தால் ஒரு கொட்டை வலது பக்கம் போகும். தப்பினால் போனதெல்லாம் இடது பக்கம் திரும்பிவிடும். மூன்றும் சேர்ந்தாற்போல் வலது பக்கம் போனால் அந்தப் பெட்டி அன்றைக்கு முடிந்தது. பத்து முறை வாசி என்றால் குழந்தை எண்ணிக்கையைத்தான் பார்க்கும், எட்டு முறை தப்பாக வாசித்து அந்தத் தப்பையே விரலுக்குப் பழக்கிவிடும். கொட்டை நகர வேண்டும் என்றால் வேகத்தைத் தானாகவே குறைக்கும். மெதுவாக வாசி என்று நான் சொல்லிக் கேட்காத குழந்தை, கொட்டைக்காகக் கேட்கிறது.

பக்கத்தில் உட்காரும் பெரியவருக்கும் சில வழக்கங்கள் சொல்வேன். விரலைப் பிடித்து அழுத்த வேண்டாம். "எந்த விரல்?" என்று கேளுங்கள், குழந்தை பார்த்துக்கொள்ளும். அடுப்படியிலிருந்து "தப்பு, மறுபடி வாசி" என்று குரல் கொடுக்க வேண்டாம். அம்மாவின் காது சரிதான், ஆனால் எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்பது அடுப்படியிலிருந்து வராது. உட்கார முடியாத நாளில் குரலும் கொடுக்காமல் விட்டுவிடலாம், அது குழந்தையின் சொந்த நேரமாக இருக்கட்டும். கட்டைகளின் மேல் ஆங்கில எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், இரண்டு கறுப்புக் கட்டை கூட்டம், மூன்று கறுப்புக் கட்டை கூட்டம் இவற்றைக் கண்டுபிடிக்கக் கற்றதும் ஒவ்வொன்றாகப் பிய்த்துவிடச் சொல்வேன். ஸ்டிக்கர் இருக்கும் வரை கண் தாளுக்குப் போகாது.

நேரம் என்றால் பத்து நிமிடம். தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுவது இந்த வயதில் நடக்காது. 'ஆறு மணிக்கு' என்று வைத்தால் ஒரு வாரம் நிற்கும். 'சாயங்காலம் விளக்கு ஏற்றியதும்' என்று வைத்த வீட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது. வேறொரு வீட்டில் ஜெபத்துக்கு முன்னால். கழக்கூட்டத்தில் அப்பா, அம்மா இருவரும் எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்ற வீட்டில், காலையில் பள்ளி வேன் வருவதற்கு முன் பால் குடித்த கையோடு ஐந்து நிமிடம். அதுவும் போதும் என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் குழந்தை நன்றாகவே வாசிக்கிறது. காய்ச்சல் நாள், ரயில் ஏறி ஊருக்குப் போகிற நாள் எல்லாம் விடுமுறைதான். விட்ட நாளைப் பற்றி வகுப்பில் நான் விசாரிப்பதில்லை. நோட்டில் குழந்தை தானே போடும் நட்சத்திரம் இல்லாததைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். விசாரித்தால் இல்லாத நட்சத்திரத்தைப் போடக் கற்றுக்கொள்ளும்.

வீட்டுப் பயிற்சியைப் பற்றிய கவலை பழையது. பிரான்சில் பதினான்காம் லூயியின் அரண்மனையில் வாசித்த ஃபிரான்சுவா கூப்ரான், 1716இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஆறு அல்லது ஏழு வயது தொடங்க ஏற்றது என்கிறார். தொடக்கத்தில் ஆசிரியர் இல்லாதபோது குழந்தை வாசிக்கவே கூடாது என்பதும் அவர் கட்சி. முக்கால் மணி நேரம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்ததை ஒரு நொடியில் கெடுத்துவிடுவார்கள் என்று கருவியின் சாவியைத் தன்னோடு எடுத்துப் போய்விடுவாராம். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரண்மனைக்கு அவரால் தினமும் போக முடிந்திருக்கலாம். வாரம் ஒரு முறை பார்க்கிற நான் சாவியை எடுத்துக்கொண்டால் ஒன்றுமே மிஞ்சாது. சாவியைக் கொடுத்து, திறக்கும் விதத்தையும் சேர்த்துக் கொடுப்பது என் வழி. நான் அதிகம் மதிப்பது ஜப்பானின் ஷினிச்சி சுசுகியை. தாய்மொழியை எந்தக் குழந்தையும் வீட்டில் கேட்டுக் கேட்டுத்தானே பேசுகிறது என்பதிலிருந்து தொடங்கி, பெற்றோரை வகுப்புக்குள் உட்காரவைத்தார். அம்மா முதலில் வயலின் பிடிக்கக் கற்றுக்கொண்டு பிறகு குழந்தை கற்பது அவர் முறை. பாக் 1720இல் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்கு ஒன்பது வயதில் ஒரு நோட்டு போட்டுக் கொடுத்தார். அதில் ஸ்வரங்களின் பெயர் இருக்கிறது, கமகக் குறிகளின் அட்டவணை இருக்கிறது, அதை அடுத்து வரும் சிறு பாட்டில் விரல் எண்கள் இருக்கின்றன. ஷூமான் 1848இல் மகள் மாரியின் ஏழாவது பிறந்த நாளுக்கு எழுதத் தொடங்கியவை சிறுவர் ஆல்பமாக வளர்ந்தன. நாம் இன்று பாடப்புத்தகமாக வாங்கும் பல பாட்டுகள் ஏதோ ஒரு வீட்டுக்குள், ஒரு குழந்தையின் அளவு பார்த்து எழுதப்பட்டவை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது 2020 மார்ச்சுக்குப் பிறகுதான். ஊரடங்கில் வகுப்பு போனுக்குள் போனது. சேர்ந்து வாசிக்க முடியவில்லை. நான் வாசிப்பது அங்கே போய்ச் சேர ஒரு கணம், அவர்கள் வாசிப்பது இங்கே வர ஒரு கணம், இரட்டை வாசிப்பு என்பதே இல்லாமல் போயிற்று. ஆனால் கீபோர்டு எங்கே இருக்கிறது, மின்விசிறி எந்தப் பக்கமிருந்து தாளைப் புரட்டுகிறது, டிவி எந்தச் சுவரில், தம்பி எந்த நேரத்தில் வந்து டெமோ பட்டனை அழுத்துகிறான் எல்லாம் தெரிந்தது. போனை அரிசி டப்பாவின் மேல் பக்கவாட்டில் சாய்த்து வைக்கச் சொல்வேன், கையும் முகமும் சேர்ந்து தெரியும். ஒரு வீட்டில் ஆச்சி பின்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். குழந்தை ஒரு பெட்டியை முடித்ததும் நிமிராமலே "மக்களே, ஒருக்கா கூட வாசி, நல்லாயிருக்கு" என்பார். அந்தக் குழந்தை நான் கேட்காமலே இன்னொரு முறை வாசிக்கும். ஆச்சிக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே அங்கே பயிற்சியாக மாறியது. அதன் பிறகு 'எங்களுக்கு மியூசிக் ஒண்ணும் தெரியாதே டீச்சர்' என்று தயங்கும் பெற்றோரிடம், தெரிய வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள் என்று முழு மனதோடு சொல்கிறேன்.

நேரில் வகுப்பு திரும்பிய பிறகும் வாரத்தின் நடுவில் ஒரு நிமிடத்து வீடியோவைக் கேட்டு வாங்குகிறேன். அழகாக வாசித்துக் காட்டும் வீடியோ வேண்டாம், கஷ்டமான பெட்டியை வாசிக்கும் வீடியோ. அப்பாக்கள் பாட்டு முழுதும் தேறிய பிறகு, சட்டை மாற்றி, தலை வாரி எடுக்க விரும்புவார்கள். அதை ஊருக்கு அனுப்புங்கள், எனக்குத் தப்போடு இருப்பதை அனுப்புங்கள் என்பேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். பியானோவுக்கான ட்ரினிட்டி தரத் தேர்வில் நூறு மதிப்பெண். மூன்று பாட்டுக்குத் தலா 22, விரல் பயிற்சிக்கு 14, மற்றச் சோதனைகளுக்கு 20, அறுபது எடுத்தால் தேர்ச்சி. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வயதில் சான்றிதழுக்காக ஒரு வருடம் முழுக்க அதே மூன்று பாட்டை வாசித்த குழந்தையால், வீட்டுக்கு வந்த மாமா கேட்டால் நான்காவதாக ஒரு பாட்டு வாசிக்க முடியவில்லை. புதுத் தாளைப் பார்த்துத் தானே படிக்கவும் தெரியவில்லை. ஒரு வருடத்தில் முப்பது சின்னப் பாட்டு வாசித்த குழந்தை மூன்று பாட்டுக் குழந்தையை இரண்டே வருடத்தில் தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எட்டு வயதுக்கு முன் தேர்வுக்கு நான் அனுப்புவதில்லை. இதைக் கேட்டு வேறு வகுப்பு தேடிப் போனவர்கள் உண்டு. என் கருத்து மாறவில்லை.

ஜூனில் மழை தொடங்கும். பள்ளி திறப்பதும் அப்போதுதான். மரமும் ஃபெல்ட்டும் ஈரம் குடித்து உப்பி, இறக்கிய கட்டை எழும்பாமல் உள்ளேயே நிற்கும். அக்டோபரில் துலாமழை வந்து இன்னொரு முறை அதே கதை. பியானோவின் அடிப்பலகைக்குள் பழைய 25 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு வைப்பேன், அந்தச் சூட்டில் ஈரம் மட்டுப்படும். இப்போது கடையில் எல்.இ.டி. பல்புதான் கொடுக்கிறார்கள், அதில் சூடு இல்லை. சாலைக் கடைத்தெருவில் தேடிக் குண்டு பல்பு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். மழை மாதத்தில் கட்டை ஒட்டிக்கொண்டால் குழந்தையிடம் மறைப்பதில்லை. கருவிக்கும் உடம்பு உண்டு என்று தெரிந்த குழந்தை, வீட்டுக் கீபோர்டின் மேல் தண்ணீர் டம்ளரை வைப்பதை நிறுத்திவிடுகிறது.

நவராத்திரியில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி இந்த ஊருக்கு எழுந்தருளும் நாட்களில், கரமனை வீடுகளில் புத்தகத்தோடு கீபோர்டும் பூஜைக்குப் போகும். பூஜை வைத்தது முதல் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. தினமும் வாசித்துப் பழகிய விரல் அந்த இடைவெளியில் தவிக்கும். விஜயதசமியன்று காலை, எடுத்ததும் முதலில் என்ன வாசிப்பது என்று குழந்தையே யோசித்து வைத்திருக்கும். அந்த நாளில் புதிதாகச் சேர வருகிறவர்களும் உண்டு. கிறிஸ்தவ வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தத் தவிப்பு டிசம்பரில் வேறு மாதிரி. கேரல் பாட வருகிறவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு பாட்டாவது தான் வாசித்து அவர்கள் பாட வேண்டும். நவம்பரில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருப்பதில்லை. வாசிப்பதற்கு ஒரு நாளும் கேட்பதற்கு ஆளும் இருந்தால் புளியங்கொட்டைகூடத் தேவைப்படாது.

ஏப்ரல், மே விடுமுறையில் பலர் நாகர்கோவில், திருநெல்வேலி, பாலக்காடு என்று பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். கீபோர்டு கூடப் போகாது. அதற்காக வகுப்பை விட்டுவிடக் கூடாதென்று பெற்றோர் கவலைப்படுவார்கள். இரண்டு மாதத்தில் விரல் மறக்கும், காது மறக்காது என்று சொல்லி அனுப்புவேன். கையில் கொடுப்பது ஒரு தாள் மட்டும். தினம் ஒரு பாட்டைத் தாளம் போட்டுக்கொண்டு பாடு. பாட்டியிடம் அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு வா. ஜூன் முதல் வாரத்தில் புதுப் பாடம் எதையும் தொடங்குவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டைக் குழந்தை பாட, எந்தக் கட்டையில் அது தொடங்குகிறது என்று இருவரும் சேர்ந்து தேடுவோம். ஒரு வருடம் ஒரு பெண் தாலாட்டு கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஞானப்பாட்டு, ஒரு பையன் கும்மிப் பாட்டு. முதல் ஸ்வரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்ததற்கு விரல் தானே நகரும். நோட்டைத் திறந்து அந்த வருடத்தின் முதல் வரியாக அந்தப் பாட்டின் பெயரை எழுதுவோம்.